நர்சம்மாவின் பை

கேளம்பாக்கம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியரை யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை. தையூரானாலும் படூரானாலும் கோவளம் குப்பமானாலும் அவர் ‘நர்சம்மா’தான். அரசுக் காகிதத்தில் அவருக்குப் பல பெயர்கள் வந்து போயிருக்கின்றன. துணைச் செவிலியர், பெண் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் அவர் தோளில் தொங்கிய பையில் இருந்தவையும் மாறின. இந்தக் கட்டுரையில் நான் அந்தப் பையைப் பின்தொடர்கிறேன். எந்தச் சோதனை எப்போது அவர் கைக்கு வந்தது, யாருடைய தேவைக்காக வந்தது, அப்படிக் கொடுத்தபோது எது மட்டும் கீழே இறங்காமல் மேலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது என்பவை என் கேள்விகள்.

பெண்களும் மருத்துவமும் என்று பேசத் தொடங்கினால் பட்டம் பெற்ற முதல் பெண்களின் வரலாறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லீப், 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த மாநிலத்தின் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோரைத் தொட்ட கை டாக்டரம்மாவின் கை அல்ல. முதலில் மருத்துவச்சியின் கை, பிறகு நர்சம்மாவின் கை. அந்தக் கைகளின் வரலாறு அலுவலகச் சுற்றறிக்கைகளுக்குள் கிடக்கிறது.

‘பணி எல்லை’ என்று ஒரு கருத்து உண்டு. ஒரு படிப்பைப் படித்து உரிமம் பெற்றவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதை மேற்பார்வையோடு செய்யலாம் என்ற வரையறை. அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழ்ப்படியில் ‘உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர்’ என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். சிறப்புச் சோதனை ஏதாவது புதிதாக வந்தால், இதை இவர்கள் செய்யலாமா என்று அந்தந்த மாநிலச் செவிலியர் வாரியத்திடம் கேட்கலாம். என்ன பயிற்சி வேண்டும், யார் மேற்பார்வை, முடிவைப் பொருள்கொள்வது யார் வேலை என்று வாரியம் எழுத்தில் பதில் சொல்லும். அங்கும் படிநிலை உண்டு, அதிகாரப் போட்டி உண்டு. ஆனால் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நம் ஊரில் எனக்குத் தெரிந்து நடப்பது வேறு. ஒரு திட்டம் வரும். அதோடு ஒரு சோதனைக் கிட் வரும். பயிற்சி நடக்கும். மறுநாளிலிருந்து அது நர்சம்மாவின் வேலை.

இதன் வேர் பழையது. தமிழகத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்துப் பெண்கள். இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று கருதப்பட்டதால் அவற்றைத் தொடும் வேலை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தொடுவது தாழ்ந்த வேலை, தொடாமல் சொல்வது உயர்ந்த வேலை. இந்தச் சாதிக் கணக்கோடு ஆங்கிலேயரின் மருத்துவப் படிநிலை வந்து நன்றாகப் பொருந்திக்கொண்டது. 1844இல் சென்னையில் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. இன்று அது எழும்பூரில் இருக்கிறது. 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி வந்தது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் நிறைவேறி, பதிவேடு வந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பவர் பயிற்சி பெற்றவர், இல்லாதவர் வெறும் ‘நாட்டு மருத்துவச்சி’ என்ற கோடு அப்போது அழுத்தமாக விழுந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு, சான்றிதழ் இல்லாத அறிவு ஆனது.

சுதந்திரத்துக்கு ஓர் ஆண்டு முன்னால், 1946இல், போர் குழுவின் அறிக்கை வந்தது. சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையில் நாடு இருப்பதாக அது கணக்குச் சொன்னது. இந்தப் பள்ளத்தை முழுப் படிப்பு படித்த செவிலியர்களை மட்டும் வைத்து நிரப்ப முடியாது என்று முடிவாயிற்று. 1950களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டு துணைச் செவிலியர் படிப்பு பிறந்தது. சென்னையைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1959இல் அமைந்த குழுவும் செவிலியரை மூன்று படிகளாக வைத்துப் பேசியது. 1973இல் கர்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் பெண் பல்நோக்குப் பணியாளர் ஆக்கச் சொன்னது. 1977இல் அவருடைய படிப்பு 18 மாதமாகச் சுருங்கியது. இதைக் கவனியுங்கள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா, பதிவேடு என்று பொறுப்புகள் பெருகிய அதே பத்தாண்டில் படிப்புக் காலம் குறைந்தது. பின்னாளில்தான் அது மீண்டும் இரண்டு ஆண்டு ஆனது.

இப்போது பையைத் திறப்போம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். உப்பளம் பக்கத்துக் குடியிருப்புகளில் பல ஆண்டு நடந்தவர். அவர் தொடங்கிய காலத்தில் பையில் சாலி முறை ஹீமோகுளோபின் மானி இருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குழாயில் குறிப்பிட்ட கோடு வரை விட வேண்டும். விரலைக் குத்தி 0.02 மில்லி இரத்தத்தை மெல்லிய குழாயில் வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அமிலத்தில் கலந்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு சேரும்வரை பார்க்க வேண்டும். “கரண்டு இருக்காதும்மா. வாசல்ல வந்து நின்னு வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தாதான் நெறம் தெரியும். ஒரு சொட்டு தண்ணி கூடப் போச்சுன்னா எல்லாம் போச்சு” என்றார்.

இதை எந்த அளவுகோலில் வைத்தாலும் திறமையான ஆய்வக வேலை. அடுத்தவர் இரத்தத்தை வாயால் உறிஞ்சும் ஆபத்தும் அதில் இருந்தது. ஆனால் அவர் செய்ததை யாரும் ஆய்வக வேலை என்று சொன்னதில்லை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, 7க்குக் கீழே இருந்தால் கடுமை, உடனே மேலே அனுப்பு. அவ்வளவுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. எண்ணை எழுதுவது அவர் கடமை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்குவது அவர் வேலை இல்லை.

அதே பையில் ஸ்பிரிட் விளக்கு இருந்தது. பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், நீலம் பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறம் வரை போகும். நிறம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு சர்க்கரை. இன்னொரு குழாயில் சிறுநீரின் மேல்பகுதியை மட்டும் சூடாக்கிக் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம். அதற்குப் பிறகும் கலங்கல் நின்றால் அது புரதம், கர்ப்பிணிக்கு வலிப்பு வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. அந்த அசிட்டிக் அமிலப் புட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னொரு முறை வரப்போகிறது.

1986இல் சென்னையில் இன்னொரு சோதனை நடந்தது. சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள் உள்ளிட்டவர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதியானது அப்படித்தான். கண்டறிந்தவர்களும் பெண்கள், மாதிரி கொடுத்தவர்களும் பெண்கள். கொடுத்தவர்கள் பூட்டிய வாசலுக்குள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, விரலில் குத்திச் சில நிமிடத்தில் முடிவு காட்டும் கிட் கர்ப்பிணிகளுக்காக நர்சம்மாவின் பைக்கே வந்துவிட்டது. அதில் கோடு விழுந்தால் அவர் ‘இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. ‘ரியாக்டிவ்’ என்று எழுதி, உறுதிப்படுத்தும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வேறு கிட்களை வைத்து மறுபடி பார்ப்பார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஒரே கிட்டை நம்பி ஒருத்தியின் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நர்சம்மாவின் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண் தெரிந்துகொள்வாள். குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவள் கர்ப்பிணிதான் என்பதால், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என்ற பழியும் முதலில் அவள்மேல்தான் விழும். அந்த இடைப்பட்ட நாட்களில் அவளோடு இருக்கப்போகிறவர், எதுவும் சொல்ல அதிகாரம் இல்லாத அந்தச் செவிலியர் மட்டுமே. எச்.ஐ.வி. சட்டம் 2017இல் ஒப்புதலையும் இரகசியத்தையும் உரிமையாக்கியது. அந்த இரகசியத்தின் சுமை முழுவதும், அதே ஊரில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் தோளில் இறங்கியது.

2007இல் தமிழ்நாடு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை என்று அறிவித்தது. இதற்கு முன்னோடி சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, 140க்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டிருந்தாலும் பட்டினியாக இருந்தாலும் செய்யலாம் என்பதுதான் இதன் சிறப்பு. உப்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணை வெறும் வயிற்றோடு வரச்சொல்லி இன்னொரு நாள் கூலியை இழக்கவைக்க வேண்டாம். சோதனையைப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்தியமைத்த அரிய உதாரணம் இது. இப்படித் திருத்தியதால்தான் அது நகரத்து ஆய்வகத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இறங்கி வர முடிந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது திண்டுக்கல்தான். 2000ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். ஸ்பெகுலம் வைத்து, கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்திட்டு தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பது. ஆம், அதே அசிட்டிக் அமிலம். சமையலறை வினிகரின் காரம் அதுதான். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. வெண்திட்டு இருந்தால் கோல்போஸ்கோப்பில் பார்த்ததும், திசு எடுத்ததும், தகுதி இருந்தால் அன்றே உறைகுளிர் சிகிச்சை கொடுத்ததும் செவிலியர்கள்தான். சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 49,311 பெண்கள் இருந்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. அந்தக் குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த இன்னோர் ஆய்வில், பத்தாம் வகுப்பு படித்த சுகாதாரப் பணியாளர்களே இதே சோதனையைச் செய்தார்கள். மரணம் 31 சதவீதம் குறைந்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

இந்த எண்களுக்கு மறுபக்கமும் உண்டு. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குழுவில் 30,000க்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களுக்கு இந்தச் சோதனை கிடைக்கவில்லை. வழக்கமான சேவை மட்டும். வழக்கமான சேவை என்பது அந்தக் காலத்தில், அந்தக் கிராமங்களில், பெரும்பாலும் எதுவும் இல்லை என்பதே. பலன் தரும் பரிசோதனை உலகில் இருக்கும்போது ஏழைப் பெண்களை இப்படி வைத்திருக்கலாமா என்று மருத்துவ நெறி பேசுபவர்கள் பின்னாளில் கடுமையாகக் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆய்வைப் பாராட்டும்போது அந்தப் பெண்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அவர்கள் கொடுத்த விலைக்கு நாம் கற்றது என்ன என்று பார்த்தால்தான் கோபம் வருகிறது. ஆய்வு நிறுவியது ஒரு முழுச் சங்கிலியை: பார்க்கும் கையே முடிவு சொல்லும், முடிந்தால் அன்றே சிகிச்சையும் கொடுக்கும். தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, 2012 முதல் தமிழ்நாடு முழுவதும் விரிந்த திட்டத்தில் சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் செவிலியரிடம் வந்தது. அசிட்டிக் அமிலமும் அயோடினும் தடவிப் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். கோல்போஸ்கோப்பி பெரிய மருத்துவமனையில், மருத்துவரிடம். கேளம்பாக்கத்துப் பெண்ணுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் செங்கல்பட்டு. திருப்போரூர் போய் வண்டி மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஆள் வேண்டும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். “என்னான்னு கேட்டா, பெரியாஸ்பத்திரில சொல்லுவாங்கன்னு சொல்லி அனுப்புவோம்” என்றார் எங்கள் தெரு நர்சம்மா. “வூட்டுல கேட்டா அவ என்னம்மா சொல்லுவா? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னுதானே எடுத்துப்பாங்க?”

பார்க்கலாம், சொல்லக் கூடாது. இந்த ஒரு வரிதான் சாலி குழாயிலிருந்து இன்றுவரை நீண்டு வருகிறது. ‘சோதனை’ வேறு, ‘நோயறிதல்’ வேறு என்ற பிரிப்புக்கு மருத்துவக் காரணம் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று வரலாற்றில் பார்த்தால், திறமையைவிட வசதிதான் அதைத் தீர்மானித்திருக்கிறது. மருத்துவர் போகாத இடத்தில் கோடு தாராளமாக விலகும். பேறுகால வழிகாட்டுதல்கள் 2005இலும் 2010இலும், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தையும், வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியையும் துணைச் செவிலியர் கொடுக்கலாம் என்று அனுமதித்தன. உயிர் போகும் நேரத்தில் அவரை நம்பலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கருப்பைக்குள் காப்பர்–டி பொருத்தவும் அவரை நம்பலாம். ஆனால் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும், 2021இல் வந்த அதன் திருத்தமும் மருத்துவரைத் தவிர வேறு யாரையும் ஏற்கவில்லை. நேபாளத்தில் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்கள் கருக்கலைப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். செவிலியர்கள் இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிகாட்டியிருக்கிறது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட அரசுக்குத் தேவைப்படும்போது தகுதியுள்ள அதே கை, கருவைத் தொடர வேண்டாம் என்று பெண்ணே கேட்கும்போது தகுதி இழப்பது எப்படி?

எல்லை எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அல்ட்ராசவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியையும் சேலத்தையும் பற்றிப் படித்து வளர்ந்த தலைமுறை நான். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் ஸ்கேன் கருவியை யார் தொடலாம் என்று கட்டுப்படுத்தியதை நாம் ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். பெண் சிசுவைக் காக்கப் போட்ட கோடு அது. அந்தக் கோடு யாரைக் காக்கிறது என்று கேட்டால் தெளிவாகப் பதில் கிடைக்கிறது. மற்ற கோடுகளையும் அதே கேள்வியால்தான் அளக்க வேண்டும். சில கோடுகள் நோயாளியைக் காக்கின்றன. சில, தொழிலின் அந்தஸ்தைக் காக்கின்றன. இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம்.

பையின் கதை இன்னும் முடியவில்லை. மாநிலத்தில் 8,700க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பழைய மாமல்லபுரம் சாலையில் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் வடமாநிலத் தொழிலாளர் கொட்டகைகளும் வந்த பிறகு இங்கே அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சாலையில் நின்று பார்த்தாலே தெரியும். 2022ஆம் ஆண்டின் தேசியத் தரநிலை, துணை சுகாதார நிலையத்தில் 14 வகைச் சோதனைகள் இருக்க வேண்டும் என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் வேலை, நர்சம்மாவுக்கும் ஒரு படி கீழே, சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்களிடம் இறங்கியது. வீட்டு வாசலில் சோதனை கிடைப்பது பெரிய நன்மை. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும்போது சம்பளம் ஊக்கத்தொகையாகிறது, பணியாளர் தன்னார்வலர் ஆகிறார். 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நாட்கணக்காக உட்கார்ந்து கேட்டதும் இதைத்தான்: முழு வேலை செய்கிறோம், முழுப் பணியாளராக எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. மாநில ஆணையங்கள் அமையும்போது துணைச் செவிலியரின் கேள்விகளைக் கேட்க ஓர் இடம் அங்கே வேண்டும். ஒரு புதிய சோதனை அவர் பைக்குள் போவதற்கு முன், எத்தனை நாள் பயிற்சி, யார் மேற்பார்வை, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு, கூடுதல் வேலைக்கு என்ன ஊதியம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். முடிவைப் பெண்ணிடம் எந்தச் சொற்களில், எவ்வளவு சொல்லலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். சொல்ல அதிகாரம் கொடுத்தால், சொல்லக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் வந்துவிடும். அதனால்தான் அதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

செவிலியர் உரிமையும் நோயாளி உரிமையும் வெவ்வேறு போராட்டங்கள் அல்ல. ஸ்பெகுலம் வைக்கச் சம்மதித்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு மேசையில் படுத்திருக்கும் பெண், தன் உடம்புக்குள் கண்டது என்ன என்பதை அந்த மேசையை விட்டு இறங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்ல, அங்கே கண்ணால் கண்டவரைவிடத் தகுதியானவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை.